ஸ்விட்ச் அடையாளம் கேட்கத் தொடங்கிய வரலாறு

1990இல் அமெரிக்காவின் கல்பனா நிறுவனம் ஏழு போர்ட்டுகள் கொண்ட ஈதர்ஸ்விட்ச் என்ற நெட்வொர்க் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து ஸ்விட்ச், எந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று மட்டுமே பார்த்தது. கேபிளின் மறுமுனையில் இருப்பவர் யார் என்று அது கேட்டதில்லை. சுவரில் உள்ள சாக்கெட்டில் கணினியைச் செருகியவர் அலுவலக நெட்வொர்க்கின் உள்ளாளாகிவிடுவார்.

ஸ்விட்சை நிர்வகிப்பவர்களிடம் கடவுச்சொல் கேட்கப்பட்டது. ஆனால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே சொல்தான். அமைப்பை யார் மாற்றினார் என்பது பதிவாகாது. ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஒவ்வொரு கருவியிலும் சொல்லை மாற்றியாக வேண்டும். அந்தச் சொல்லும், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் டெல்நெட் வழியே மறைப்பின்றிப் பயணித்தது. ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, 1995இல் டாட்டு யிலோனென் எஸ்எஸ்எச் நிரலை எழுதினார். டெல்நெட்டின் இடத்தை அது மெல்ல மெல்லப் பிடித்தது.

கடவுச்சொல்லைக் கருவியிலேயே வைக்காமல் ஒரு மைய சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் ஸ்விட்சுக்கு முந்தியது. அமெரிக்க ராணுவத்தின் மில்நெட்டுக்காக 1984இல் டாகாக்ஸ் என்ற அத்தகைய நெறிமுறை உருவானது. தொலைபேசி வழி இணைய இணைப்புகளுக்காக 1991இல் லிவிங்ஸ்டன் நிறுவனம் ரேடியஸை வடிவமைத்தது. பின்னர் சிஸ்கோ உருவாக்கிய டாகாக்ஸ் பிளஸ், ஆளை அடையாளம் காண்பது, அனுமதி தருவது, கணக்கு வைப்பது என மூன்று வேலைகளையும் தனித்தனியே பிரித்தது. நிர்வாகி தட்டும் ஒவ்வொரு கட்டளைக்கும் சர்வரின் ஒப்புதல் கேட்க முடிந்தது. ஸ்விட்ச் நிர்வாகத்துக்கு இதுவே ரேடியஸைவிடப் பொருத்தமானது.

போர்ட்டுக்கே காவல் வந்தது 2001இல், ஐ.இ.இ.இ. அமைப்பு வெளியிட்ட 802.1எக்ஸ் தரத்தால். இதுவே இந்த வரலாற்றின் பெரிய திருப்பம். கணினி தன்னை நிரூபிக்கும்வரை அந்தப் போர்ட்டில் அடையாளச் சோதனைக்கான தகவல் தவிர வேறெதுவும் போகாது. ஸ்விட்ச் தானே முடிவெடுப்பதில்லை. கேள்வியையும் பதிலையும் கணினிக்கும் ரேடியஸ் சர்வருக்கும் இடையே கைமாற்றி, தீர்ப்பை நிறைவேற்றுகிறது. எந்த விலானில், அதாவது நெட்வொர்க்கின் எந்தத் தனிப்பிரிவில், அந்தப் பயனரைச் சேர்ப்பது என்பதையும் சர்வரே சொல்லலாம். இந்த உரையாடலின் மொழியான ஈஏபி, 1998இல் டயல்-அப் இணைப்புகளுக்காக எழுதப்பட்டது.

புதிய காவலிலும் ஓட்டைகள் இருந்தன. அனுமதி பெற்ற கணினிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே ஒரு ஹப்பை வைத்து, வேறொருவர் அதே முகவரியுடன் நுழைய முடிந்தது. 2010ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தத் தரத்தை மேக்செக் குறியாக்கத்தோடு இணைத்து அந்த வழியை அடைத்தது. 802.1எக்ஸ் அறியாத பழைய பிரிண்டர்களுக்கு அவற்றின் வன்பொருள் முகவரியான மேக் முகவரியை மட்டும் பார்த்து அனுமதி தரப்பட்டது. அந்த முகவரியைப் போலி செய்வது எளிது என்பதால் இது பலவீனமான ஏற்பாடு.

2024 ஜூலையில் 'பிளாஸ்ட்-ரேடியஸ்' தாக்குதல் வெளியானது. ரேடியஸ் நம்பியிருந்த பழைய எம்டி5 கணக்கீட்டின் குறையைப் பயன்படுத்தி, ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் இடையில் இருப்பவர் மறுப்பை அனுமதியாக மாற்றிவிடலாம். ஈஏபி பயன்படுத்தும் 802.1எக்ஸ் இதிலிருந்து தப்பியது. ரேடியஸ் வழி நடந்த சாதாரண நிர்வாகி உள்நுழைவுகள் தப்பவில்லை. ஒவ்வொரு செய்தியிலும் சரிபார்ப்பு முத்திரையைக் கட்டாயமாக்குவது உடனடித் தீர்வானது. ரேடியஸை டிஎல்எஸ் குறியாக்கத்துக்குள் அனுப்புவது நிலையான தீர்வாகப் பரிந்துரைக்கப்பட்டது.