நீலத்திரையின் சரித்திரம்

சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிம்மரை வலம் வரவேண்டுமானால் குன்றையே சுற்றி வரவேண்டும். பாறையைக் குடைந்து அமைத்த பல்லவர் காலத்துக் கோயில். மூலவருக்குப் பின்னால் பிராகாரம் ஏது? அதே ஊரில், ஒரு பழைய கம்ப்யூட்டரில் பத்து வரிப் புரோகிராமை ஓடவைப்பதற்கு, நானும் அப்படித்தான் ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. குற்றவாளி கம்பைலர்.

கம்பைலர் என்றால் என்ன என்று சில வாசகர்கள் கேட்கலாம். மனிதன் எழுதும் கட்டளையை யந்திரத்தின் பாஷையில் மாற்றிச் சொல்லும் துபாஷி அது. துபாஷி இல்லாமல் கும்பெனியார் சென்னையில் ஒரு மூட்டைத் துணி வாங்கியிருப்பார்களா? 1952-ல் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்க அம்மையார் யூனிவாக் யந்திரத்துக்காக இதன் முன்னோடியைச் செய்தார். 1957-ல் ஜான் பாக்கஸ் குழுவினரின் ஃபோர்ட்ரான் வந்தது. 1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 வந்து இறங்கியபோது, நம் நாட்டு மாணவர்களும் அந்தத் துபாஷியோடு பழகத் தொடங்கினார்கள்.

ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்த்தது வேறொன்று. 1983-ல் போர்லாண்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி டர்போ பாஸ்கலை 49 டாலர் 95 சென்டுக்கு விற்றது. மற்றவர்கள் நூற்றுக்கணக்கில் கேட்ட காலம்! எழுதுவது, மொழிபெயர்ப்பது, ஓட்டுவது எல்லாம் ஒரே திரையில். 1987-ல் டர்போ சி, 1990-ல் டர்போ சி++. நீலத்திரையும் மஞ்சள் எழுத்துமாக அது நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் குடியேறியது. பிறந்த நாட்டில் மறந்துபோன பிறகும் இங்கே சௌக்கியமாக இருந்தது.

மேற்படி கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரன் பதினோராம் வகுப்புப் பையன். "எனக்கு இதெல்லாம் வராது, மாமா. பேசாம காமர்ஸுக்கு மாறிடறேன்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவன் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. யாரோ ஒரு புண்ணியவான் கம்பைலரை அப்படியே நகல் எடுத்து 'டி' டிரைவில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதனுள்ளே பதிந்திருந்த முகவரிகளோ 'சி' டிரைவையே காட்டிக்கொண்டிருந்தன. 'இன்க்ளூட்' கோப்பைத் திறக்க முடியவில்லை என்று முதலில் ஒரு புகார். அதைத் தொடர்ந்து ஒழுங்கான வரிகளின் தலையிலெல்லாம் குற்றப்பத்திரிகை. 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'டைரக்டரீஸ்' என்ற பெட்டியைத் திறந்து முதல் முகவரியைத் திருத்தினோம். உடனே அடுத்த புகார்: 'சி0எஸ்' என்ற கோப்பைக் காணவில்லை. நடுவில் இருப்பது 'ஓ' அல்ல, பூஜ்யம்! புரோகிராமைத் தொடங்கிவைக்கும் துண்டு அதுதான். இருப்பது 'லிப்' டைரக்டரியில். அந்த முகவரியையும் மாற்றினோம், ஓடியது.

பையனுக்கு ஆசை விடவில்லை. வட்டம் வரையவேண்டும் என்றான். படத்துக்கான கோப்புகள் 'டிசி' டைரக்டரிக்குள் 'பிஜிஐ' என்ற இடத்தில் இருக்கின்றன. அந்த முகவரியைப் புரோகிராமுக்குள் ஒற்றைச் சாய்கோட்டோடு எழுதினால் வந்தது வினை. சாய்கோட்டை அடுத்து 'டி' வந்தால் சி மொழியில் அது தாவல். 'பி' வந்தால் ஓர் எழுத்துப் பின்வாங்கல். முகவரியின் நடுவிலேயே தாவலும் பின்வாங்கலும் நடந்தால் தபால் எப்படிப் போய்ச் சேரும்? ஒவ்வொரு சாய்கோட்டையும் இரட்டையாகப் போடவேண்டும். இதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாமல், புத்தி குறைவென்று தங்களையே நொந்துகொண்டு விலகிய பிள்ளைகள் எத்தனை பேரோ!

1998-ல் சி++ மொழிக்கு உலகத் தரம் நிர்ணயித்தார்கள். 'ஐஓஸ்ட்ரீம்' என்ற தலைப்புக் கோப்பின் பெயரில் வால்போல் இருந்த 'ஹெச்' போயிற்று. டர்போவுக்கு அது தெரியாது. அது பிறந்தது முன்னால். ஆகவே நீலத்திரையில் தேறியவன் புதிய கம்பைலரில் விழித்தான். புதியதில் படித்தவன் நீலத்திரையில் விழித்தான். 64-பிட் விண்டோஸோ 16-பிட் டர்போவை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதற்கும் வழி கண்டார்கள். பழைய யந்திரத்தைப்போல் வேஷம் போடும் 'டாஸ்பாக்ஸ்' 2002-ல் வந்தது. அதற்குள் நுழைந்ததும் முதல் வேலை, 'மவுண்ட்' கட்டளை கொடுத்து இதுதான் 'சி' டிரைவ் என்று காட்டுவது. காட்ட மறந்தால் கம்பைலரைத் திறக்கவே முடியாது.