மலிவான கார்ட் ஏன் மலிவு? 75 வோட்டின் கதை

போன கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். உயர்தரம் எழுதிவிட்டு வீடியோ எடிட்டிங் பழகுகிறான். கையில் இருப்பது ஏதோ ஒரு கம்பனி கழித்துவிட்ட பழைய டெஸ்க்டொப். அம்மா சீட்டு எடுத்த காசில் கொஞ்சம் இருக்கிறதாம். "சேர், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட் ஒன்று மலிவா வருது, எடுக்கவா?"

"அவசரப்படாதீங்க மகன்" என்றேன். நான் படிப்பிப்பது வரலாறு. இந்தக் கேள்விக்கும் பதில் வரலாற்றில்தான் இருக்கிறது. நம்ம றொசல்ல பக்கம் பல வீடுகளில் இப்போது இதே பேச்சு நடப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

அவன் பார்த்தது ஆர்எக்ஸ் 580. 2017 இல் ஏஎம்டி வெளியிட்டது. நல்ல கார்ட்தான், ஆனால் 185 வோட் கேட்கும். 2020, 2021 காலத்தில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுவதற்காக உலகம் முழுக்க இப்படியான கார்ட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். விலை தாறுமாறாக ஏறியது. 2022 செப்டம்பர் 15 ஆம் திகதி எத்தீரியம் அந்த முறையையே கைவிட்டது. அடுத்த நாளே வேலையிழந்த கார்ட்கள் பழைய சாமான் சந்தைக்கு வரத் தொடங்கின. இராப்பகலாக ஓடி உழைத்தவையும் அவற்றில் உண்டு. மலிவின் ரகசியம் பாதி இதுதான்.

நம் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அன்றைக்கு அது ஏறக்குறைய 5 டொலர். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். மே மாதம் டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. அதே 1,000 ரூபா 3 டொலருக்கும் கீழே போனது. 2016 ஒக்டோபரில் என்விடியா வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கார்ட்டின் ஆரம்ப விலை 139 டொலர். வரியையும் கடைக்காரர் இலாபத்தையும் விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் 2021 இல் 28 நாள் சம்பளம், 2022 மே மாதம் 50 நாள் சம்பளம். உலகத்துக்குக் கார்ட் மலிந்த வருஷத்தில்தான் நம்ம காசு கரைந்தது.

இனிப் பெட்டிக்குள் வருவோம். முன்பு ஏஜிபி என்றொரு ஸ்லொட் இருந்தது, 1997 இல் வந்தது. 2004 அளவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் அந்தக் கார்ட்களெல்லாம் குப்பைக்குப் போயின. ஆனால் இந்தப் புது ஸ்லொட்டின் வடிவம் அதன்பிறகு மாறவில்லை. 2016 கார்ட்டை 2011 போர்டில் செருகினாலும் பெரும்பாலும் வேலை செய்யும். நம்மைப் போன்றவர்கள் பழைய பெட்டியைக் காப்பாற்ற முடிவதே இதனால்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஸ்லொட் தரக்கூடிய மின்சாரம் ஆகக்கூடியது 75 வோட். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். கம்பனிகள் கழித்த பெட்டிகள் பலவற்றில் அந்த வயர் கிடையாது. சப்ளையே 240, 290 வோட்தான். 185 வோட் கார்ட்டைக் கொண்டுவந்தால் சப்ளையையும் மாற்ற வேண்டும். அதுவும் சில பெட்டிகளில் சாதாரண சப்ளை பொருந்தாது. "மலிவு" அங்கேயே முடிந்தது.

75 வோட்டுக்குள் வாழும் கார்ட்களைத் தேடச் சொன்னேன். 2014 இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 60 வோட். மேலே சொன்ன 1050 டிஐ, 75 வோட். அதிலும் சில தயாரிப்புகளில் தனி வயருக்கான துவாரம் வைத்திருப்பார்கள், பார்த்து எடுக்க வேண்டும். 2021 தட்டுப்பாட்டில் என்விடியா இந்த 1050 டிஐயைத் திரும்பவும் சந்தைக்கு அனுப்பியது. அதன் 4 ஜிபி நினைவகம் எத்தீரியம் தோண்டப் போதாது என்பதால் தோண்டுகிறவர்கள் அதைச் சீண்டவில்லை. குறைதான் அதைக் காப்பாற்றியது!

ஜிடி 1030 இன்னும் மலிவு, 30 வோட்தான். ஆனால் 2018 இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. நினைவக வேகம் செக்கனுக்கு 48 ஜிபியிலிருந்து 16.8க்கு விழுந்தது. அதைவிட, இரண்டிலுமே வீடியோவை ஏற்றுமதி செய்ய உதவும் என்கோடர் இல்லை. இவன் வேலைக்கு அது ஆகாது.

பெட்டி ஒல்லியானதா என்றும் கேட்டேன். நானே ஒருமுறை ஒல்லிப் பெட்டிக்கு முழு உயரக் கார்ட் வாங்கி வந்து, மூடி மூடாமல் அசடு வழிந்தவன். இவனுடையது பெரிய பெட்டி, பிரச்சினை இல்லை.

கடைசியாக மொனிட்டர். அதில் இருப்பது நீல நிற விஜிஏ துவாரம் மட்டும். 1987 இல் ஐபிஎம் கொண்டுவந்தது, என் வயதுக்காரன்! 1050 டிஐயில் அந்தப் பழைய சமிக்ஞையே கிடையாது. எச்டிஎம்ஐயை விஜிஏயாக மாற்றும் சின்னக் கருவி ஒன்று வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஹட்டன் போகிறான், ஒரு 1050 டிஐயைப் பார்க்க. பெட்டியில் போட்டு அரை மணித்தியாலம் ஓட்டிக் காட்டினால் மட்டும் காசு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். யார் வீட்டிலாவது அந்த எச்டிஎம்ஐ–விஜிஏ கருவி சும்மா கிடந்தால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள், அந்தச் செலவாவது மிஞ்சும்.