கணினி வரைபடக் கோப்பு மீட்பு: மலையக நில அளவை, வீடமைப்புப் பணிகளில்

கணினியில் வரைந்த நில அளவைப் படமோ கட்டடப் படமோ சேமிக்கும் முன் அழிந்துபோனால், அல்லது கோப்பு பழுதாகித் திறக்க மறுத்தால், கணினியில் எஞ்சிய பிரதிகளையும் களத்தில் எடுத்த அளவுகளையும் கொண்டு அதைத் திரும்பப் பெறும் பணி வரைபடக் கோப்பு மீட்பு எனப்படும். இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் காணித் துண்டுகளும் புதிய வீடுகளும் இத்தகைய கோப்புகளிலேயே வரையப்படுவதால், மீட்ட படத்தின் ஒவ்வொரு கோடும் ஒரு குடும்பத்தின் எல்லையைத் தொடுகிறது. கோப்பு திறந்துவிட்டாலே மீட்பு முடிந்ததாகாது. அளவுகள் நிலத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும் மீட்பின் பகுதியே.

பின்னணி

தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான லயன் அறைகளுக்குப் பதிலாகத் தனிவீடுகள் கட்டும் பணி அண்மைய ஆண்டுகளில் விரிவடைந்தது. இந்திய அரசு அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தில் 4,000 வீடுகள் பெருந்தோட்டப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச் காணியும் சுமார் 550 சதுர அடி வீடும் என்பது கணக்கு. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். சரிவான நிலம் என்பதால் வீட்டுப் படத்துடன் சமவுயரக் கோடுகளும் தேவைப்படுகின்றன. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்ட லயன்கள் மண்சரிவில் புதைந்த பிறகு, மலைச்சரிவில் வீட்டுக்கு இடம் தேர்வது இன்னும் கூர்ந்து கவனிக்கப்படுகிறது.

இப்பணிகளில் பரவலாகப் பயன்படும் ஆட்டோகேட் மென்பொருள் 1982 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்தது. அதன் கோப்பு வகை டி.டபிள்யூ.ஜி.

பழுதுக்கான காரணங்கள்

சேமிக்கும் கணத்தில் மின்சாரம் போவது ஒரு பொதுவான காரணம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் இடிமின்னலும் மின்சாரத்தைத் துண்டிக்கும். பென் டிரைவில் உள்ள கோப்பை அப்படியே திறந்து வேலை செய்து, எழுதி முடியும் முன் பிடுங்குவது, வன்தட்டில் பழுதான பகுதிகள், வலையமைப்பு அறுபடுவது ஆகியவை பிற காரணங்கள்.

தானாக உருவாகும் பிரதிகள்

கோப்பைச் சேமிக்கும்போது அதன் முந்தைய நிலையை மென்பொருள் பி.ஏ.கே. என்ற பின்னொட்டுடன் அதே கோப்புறையில் வைக்கிறது. பின்னொட்டை டி.டபிள்யூ.ஜி. என்று மாற்றினால் அது திறக்கும்.

இரண்டாவது, தன்னியக்கச் சேமிப்பு. இயல்பாக 10 நிமிட இடைவெளியில், தற்காலிகக் கோப்புறையில், எஸ்.வி. என்ற எழுத்துகளையும் டாலர் குறியையும் பின்னொட்டாகக் கொண்டு இது பதிவாகும். படத்தை முறையாக மூடினால் இப்பிரதி அழிந்துவிடும். மின்சாரம் போனாலோ மென்பொருள் முறிந்தாலோ எஞ்சி நிற்கும். ஆகவே கணினியை மீண்டும் இயக்கியதும் முதலில் இதை வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். மென்பொருளிலுள்ள வரைபட மீட்பு நிர்வாகி, முறிவின்போது திறந்திருந்த படங்களின் பிரதிகளை ஒரே இடத்தில் காட்டும்.

பழுதான கோப்பைத் திறத்தல்

எதைச் செய்தாலும் மூலக் கோப்பின் படியில்தான் செய்ய வேண்டும். படம் திறந்தால் ‘ஆடிட்’ கட்டளையும், திறக்காவிட்டால் ‘ரிக்கவர்’ கட்டளையும் பிழைகளைத் தேடித் திருத்தும். இணைப்புப் படங்களும் சேர்ந்து பழுதாகியிருந்தால் ‘ரிக்கவர் ஆல்’ உதவும். இவை பலிக்காதபோது புதிய வெற்றுப் படத்தினுள் பழுதான கோப்பை ‘இன்சர்ட்’ கட்டளையால் செருகிப் பார்க்கலாம்.

கோப்பினுள் உள்ள தரவின் முதல் ஆறு எழுத்துகள் அதன் பதிப்பைச் சொல்லும்: ஏசி1027 என்றால் 2013, ஏசி1032 என்றால் 2018 பதிப்பு வடிவம். புதிய வடிவக் கோப்பைப் பழைய மென்பொருள் திறக்க மறுப்பது பழுது ஆகாது. தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவதும் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துரு கணினியில் இல்லாததன் விளைவே.

மீட்ட படத்தைச் சரிபார்த்தல்

திருத்த முடியாத கோடுகளை மீட்புக் கட்டளைகள் நீக்கிவிடக்கூடும். ‘இன்சர்ட்’ செய்யும்போது தொடக்கப் புள்ளியைச் சுழியில் வைக்கத் தவறினால் படம் முழுதும் இடம்பெயரும். நில அளவையாளர் மீட்டரிலும் வீட்டுப் படம் வரைபவர் மில்லிமீட்டரிலும் வரைந்திருந்தால், அலகு மாறி 1,000 மடங்கு வேறுபாடு வரலாம்.

மலையகத்தில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இலங்கையின் தேசிய ஆயத்தொலை முறைக்குத் தொடக்கப்புள்ளி நுவரெலியாவுக்கு மேலுள்ள பிதுருதலாகலை மலையே. 1999 முறையில் அப்புள்ளியின் கிழக்கெண்ணும் வடக்கெண்ணும் தலா 500,000 மீட்டர். பழைய முறையில் தலா 200,000. எனவே புதிய முறையில் வரைந்த ஹட்டன் படமொன்றில் கிழக்கெண் 480,000ஐயும் வடக்கெண் 488,000ஐயும் ஒட்டி வரவேண்டும். எண்கள் வெகுவாக விலகினால் படம் நகர்ந்திருக்கிறது, அல்லது பழைய முறையில் உள்ளது.

அடுத்தது பரப்பளவு. ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர். 7 பேர்ச் துண்டு ஏறத்தாழ 177 சதுர மீட்டர். எல்லைக்கோட்டில் ஒரு மூலை விடுபட்டிருந்தால் பரப்பு உடனே காட்டிக்கொடுக்கும். சமவுயரக் கோடுகளின் உயர எண்களும் சுழியாகிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். தட்டையான படத்தில் சரிவைக் கணக்கிட முடியாது.

வரம்புகளும் மாற்று வழியும்

கோப்பின் அளவு சரியாகத் தெரிந்தும் உள்ளே முழுதும் சுழிகளாக இருந்தால் அதிலிருந்து எதையும் மீட்க இயலாது. எஸ்.எஸ்.டி. வட்டில் அழித்த கோப்பைத் திரும்பப் பெறும் வாய்ப்பும் குறைவு. அந்நிலையில் டோட்டல் ஸ்டேஷன், ஜி.பி.எஸ். கருவிகளிலுள்ள மூல அளவுகளைக் கொண்டு எல்லைகளை மீண்டும் வரையலாம். கையொப்பமிட்ட தாள் படம் இருந்தால் துண்டு எண்களையும் பக்க நீளங்களையும் அதனோடு ஒப்பிடலாம். அதனால் அளவைக் கருவியிலுள்ள தரவை, படம் வரைந்து ஒப்படைக்கும் வரையாவது அழிக்காமல் வைப்பதும், கணினிக்கு யூ.பி.எஸ். பொருத்துவதும், தன்னியக்கச் சேமிப்பின் இடைவெளியை 5 நிமிடமாகக் குறைப்பதும் செலவு குறைந்த பாதுகாப்புகள்.