ஒரே ஒரு விருப்பப் பாடம்

போன வாரம் பேத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

"தாத்தா, கேம் தியரின்னு ஒரு விருப்பப் பாடம் இருக்கு. எடுக்கலாமா? கணக்கு ஜாஸ்தின்னு எல்லாரும் பயமுறுத்தறாங்க. மார்க் குறைஞ்சா மொத்த கிரேடும் இறங்கிடும். வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் கொடுக்கணும்."

ஒருநாள் டைம் கொடு என்றேன். எனக்கு ஜான் நாஷ் ஞாபகம் வந்தார்.

1945இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்தவர் நாஷ். அது பிடிக்காமல் வேதியியலுக்கு மாறினார். அதுவும் ஒத்துவராமல் கணிதத்துக்கு வந்தார். அங்கே விருப்பப் பாடமாக ஒன்றே ஒன்று, சர்வதேசப் பொருளாதாரம் எடுத்தார். அவர் முறையாகப் படித்த பொருளாதாரம் அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. இரண்டு பேர் பேரம் பேசினால் எந்த இடத்தில் முடிவது நியாயம்? அதைக் கணக்காக்கி எழுதிய கட்டுரை 1950இல் எகனாமெட்ரிகா இதழில் வெளிவந்தது. அதில் வரும் உதாரணம் வேடிக்கையானது. பில், ஜாக் என்று இரண்டு பேர் பந்து, மட்டை, பேனா, கத்தி, தொப்பி என்று பண்டமாற்று செய்துகொள்கிறார்கள்!

அந்த யோசனைதான் பிரின்ஸ்டனில் அவரை விளையாட்டுக் கோட்பாட்டின் பக்கம் இழுத்தது. நியூமனும் மோர்கன்ஸ்டெர்னும் 1944இல் எழுதிய பெரிய புத்தகத்தால் அந்தத் துறை அங்கே சூடுபிடித்திருந்த நேரம். 1950இல் நாஷ் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வேடு 30 பக்கம்கூட இல்லை. அப்போது வயது 21. அதில் சொன்ன 'சமநிலை'யை நம் தெருவிலேயே பார்க்கலாம். எல்லோரும் இடப்பக்கம் வண்டி ஓட்டும்போது ஒருவர் மட்டும் வலப்பக்கம் போனால் அவருக்குத்தான் நஷ்டம். தனியாக மாறி யாருக்கும் லாபமில்லாத நிலை. அதற்காக 1994இல் ஹார்சன்யி, செல்டன் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார்.

இதைப் படிக்கும்போது என் கல்லூரி நாள் உறுத்தியது. புள்ளியியலைத் துணைப்பாடமாக எடுக்க வாய்ப்பு இருந்தும் மார்க்குக்குப் பயந்து ஒதுங்கினேன். பிறகு வங்கியில் வாராக்கடன் பேசித் தீர்க்கும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்தேன். எவ்வளவு விட்டுக்கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்தேன். அதற்கென்று ஒரு பாடமே இருப்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் பேத்தியிடம் சொன்னேன். "நீ நாஷ் ஆகணும்னு சொல்லலம்மா. ஆரம்பப் பாடத்துல பெரும்பாலும் கட்டம் போட்டு யாருக்கு எவ்வளவு லாபம்னு பார்க்கறது, கொஞ்சம் நிகழ்தகவு, சின்னச் சின்ன சமன்பாடு, அவ்வளவுதான் இருக்கும். முதல்ல பாடத்திட்டத்தை வாங்கிப் படி. அதுல ஒரு கேள்வியாவது உன்னை யோசிக்க வெச்சா எடு. இல்லேன்னா விட்டுடு. ஆனா மார்க் பயத்துக்காக மட்டும் விடாதே. அதை நான் ஒருதரம் செஞ்சாச்சு."

வெள்ளிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: "பேர் கொடுத்துட்டேன். முதல் டெஸ்ட்ல கோட்டை விட்டா நீங்கதான் பொறுப்பு."

சரி, என் பொறுப்புதான் என்று பதில் போட்டேன்.