இஞ்சீலும் புதிய ஏற்பாடும்

திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே, வானம் பார்த்த பூமியில் அமைந்த ஊர் குஜிலியம்பாறை. அங்கே உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். நிக்காஹ் முடிந்து விருந்துக்குக் காத்திருந்த வேளையில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் என்னருகே வந்தமர்ந்தார். சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவேயான நூலொன்றை எடுத்துக் காட்டினார். அது புதிய ஏற்பாடு. உடன் பயிலும் கிறித்தவ நண்பர் அன்போடு கொடுத்ததாம்.

“மாமு, நம் திருமறை சொல்லும் இஞ்சீல் இதுதானா? இதை நான் படிக்கலாமா?”

அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “ஆம், இதுதான் இஞ்சீல்” என்றார். மற்றொருவர், “இல்லை, இதைக் கையாலும் தொடாதே” என்றார். இருவரும் அந்நூலைத் திறந்து பார்க்கவில்லை. அவ்விளைஞரின் கேள்விக்கு விருந்துப் பந்தியில் விடை சொல்லி முடிப்பது எளிதன்று. அவருக்குச் சொல்ல விரும்பியதையே இங்கு எழுதுகின்றேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கிறித்தவர்களின் வேதத் தொகுப்பு இரு பகுதிகளை உடையது. யூதர்களின் வேதங்களைக் கொண்டது பழைய ஏற்பாடு. ஈஸா நபி (அலை) அவர்களுக்குப் பின் எழுதப்பட்டவற்றைக் கொண்டது புதிய ஏற்பாடு. இன்று ‘ஏற்பாடு’ என்றால் திருமண ஏற்பாடு, பயண ஏற்பாடு என்றே நாம் பொருள் கொள்கிறோம். இங்கே அச்சொல்லின் பொருள் உடன்படிக்கை என்பதாகும். இறைவன் இஸ்ராயீலின் மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை பழையது. ஈஸா நபியின் வழியாக மனிதர் யாவரோடும் செய்துகொண்டது புதியது என்பது கிறித்தவர்களின் நம்பிக்கை. ஆகவே, நூலின் பெயரிலேயே அதன் உரிமைக் கோரிக்கை அடங்கியிருக்கின்றது.

அது ஒரே நூலன்று. 27 நூல்களின் தொகுப்பு. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நால்வர் பெயரால் வழங்கும் வரலாறுகள் நான்கு. தொடக்ககாலச் சீடர்களின் பணிகளைக் கூறும் நூல் ஒன்று. மடல்கள் இருபத்தொன்று. இறுதியாக, வரப்போகும் நாள்களைப் பற்றிய காட்சி நூல் ஒன்று. ஈஸா நபி பேசிய மொழி அரமேயம். இந்நூல்கள் எழுதப்பட்ட மொழியோ கிரேக்கம். இவற்றுள் காலத்தால் முந்தியவை பவுல் எழுதிய மடல்கள் என்றும், அவை கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்டவை என்றும் ஆய்வாளர் கூறுவர். நான்கு வரலாறுகளும் இன்றைய வடிவம் பெற்றது அதன் பின்னரே. இதே 27 நூல்களின் பட்டியலை அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியஸ் கி.பி. 367-இல் எழுதிய மடலில் காண்கிறோம்.

இங்கேதான் நாம் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். நம் நம்பிக்கையில் இஞ்சீல் என்பது அல்லாஹ் ஈஸா நபிக்கு அருளிய வேதம். கிறித்தவர்களோ, ஈஸா நபி ஒரு நூலைப் பெற்றார் என்றோ எழுதினார் என்றோ சொல்வதில்லை. அவர்கள் கையிலிருப்பது அவரைப் பற்றி அவருடைய வழிவந்தோர் அளித்த சாட்சியம். அவர்களைப் பொறுத்தவரை இறைவனின் வார்த்தை ஈஸா நபியே; நூல் அவ்வார்த்தைக்குச் சான்று பகர்வது. எனவே புதிய ஏற்பாட்டின் முதல் நான்கு நூல்களைத் திருக்குர்ஆனோடு ஒப்பிடுவதைவிட, பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைக் கூறும் ஸீராவோடு ஒப்பிடுவது அவற்றின் அமைப்பை விளங்கிக்கொள்ளத் துணை செய்யும். இவ்வொப்பும் முழுமையானதன்று, ஏனெனில் அவற்றை எழுதியோரைத் தூய ஆவி வழிநடத்திற்று என்று நம்பி, கிறித்தவர்கள் அவற்றை வேதமாகவே ஓதுகின்றனர்.

அப்படியானால் அந்நூலின் மையச் செய்தி யாது? ‘இஞ்சீல்’ என்னும் சொல்லே அதற்கு வாயில். நற்செய்தி என்னும் பொருளுடைய ‘எவங்கேலியோன்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. தமிழில் அதனைச் ‘சுவிசேஷம்’ என்றனர். “வீட்டில் என்ன விசேஷம்?” என்று நாம் கேட்கும்போது செய்தியைத்தானே கேட்கிறோம்? நல்ல விசேஷமே சுவிசேஷம்.

ரோமப் பேரரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த நாட்டில், கலிலேயா என்னும் பகுதியில் ஈஸா நபி அறிவித்த செய்தி, இறைவனின் ஆட்சி நெருங்கிவிட்டது. மனிதர்கள் மனந்திருந்தி அதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதே என முதல் மூன்று வரலாறுகளும் கூறுகின்றன. அவ்வாட்சியை அவர் உவமைகளால் விளக்கினார். சிறிய கடுகு விதை பெரிதாய் வளர்வது ஓர் உவமை. சொத்தைப் பிரித்து வாங்கிச் சென்று அழித்துவிட்டுத் திரும்பிய மகனைத் தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொள்வது மற்றொன்று. கள்வரால் அடிபட்டுக் கிடந்தவனைச் சமயத் தலைவர் கடந்துபோக, இழிவாக எண்ணப்பட்ட சமாரியன் ஒருவன் எடுத்துக் காப்பாற்றியது இன்னொன்று. ஏழைக்கும் பாவிக்கும் ஒதுக்கப்பட்டோர்க்கும் இறைவனின் வாயில் திறந்திருக்கின்றது என்பதே இவற்றின் சாரம்.

ஆனால் இத்துடன் நின்றுவிட்டால் நாம் கிறித்தவத்தைப் பாதியே விளங்கியவர்களாவோம். ஈஸா நபி சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார். அம்மரணத்தால் மனிதரின் பாவங்களுக்கு மன்னிப்பு உண்டாயிற்று என்பதையே அவர்கள் நற்செய்தியின் உயிர்நிலையாகக் கொள்கின்றனர். பவுலின் மடல்கள் ஈஸா நபியின் போதனைகளை அதிகம் விவரிப்பதில்லை; இம்மரணத்தையும் உயிர்ப்பையுமே மீண்டும் மீண்டும் பேசுகின்றன. இங்கே நம் பாதை பிரிகின்றது. அவர் சிலுவையில் அறையப்படவில்லை என்பதும், இறைவனுக்கு மகன் இல்லை என்பதும் திருமறையின் தீர்ப்பு. இவ்வேறுபாட்டை மறைப்பது நட்புமாகாது, அறிவுமாகாது.

இனி, இந்நூல் தமிழுக்கு வந்த கதை. செருமானியரான சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். லண்டன் சங்கம் ஒன்று அச்சுப்பொறியை அனுப்பியது. ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவை அளவிற் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. பின்னர் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். முதல் ஐந்து நூல்கள் 1714-இல் ‘அஞ்சு வேத பொஸ்தகம்’ என்ற பெயரில் வெளிவந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு இதுவே. சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு 1708-இல் ஒரு பட்டியல் வகுத்தார். அதில் முஸ்லிம்களின் தமிழ் நூல்களுக்கும் ஒரு பகுதி உண்டு. பிறர் நெஞ்சை அறிய அவர்களின் நூலைத் திறக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மொழிபெயர்ப்பாளர்களை வாட்டிய சொற்களுள் முதன்மையானது இறைவனின் பெயர். ‘சர்வேசுரன்’ என்ற சொல் தொடக்கத்தில் வழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரீசியஸ் ‘பராபரன்’ என்றார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் சைவப் பெரும்புலவர் ஆறுமுக நாவலர். அது 1850-இல் அச்சாயிற்று. பவர் பாதிரியார் தலைமையில் ஒரு குழு திருத்தி, 1871-இல் வெளியான மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ நிலைபெற்றது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட ‘திருவிவிலியம்’ ‘கடவுள்’ என்கிறது. அல்லாஹ் என்பதை இறைவன் என்பதா, ஆண்டவன் என்பதா, நாயன் என்பதா, அன்றி அப்படியே விடுவதா என்று நம் அறிஞர்களும் தயங்கியவர்கள்தாமே?

மையச் செய்தியைச் சுமக்கும் சொல்லும் இவ்வாறே மாறிற்று. பழைய மொழிபெயர்ப்பில் ‘தேவனுடைய ராஜ்யம்’, புதியதில் ‘இறையாட்சி’. ராஜ்யம் என்றதும் எல்லைகளை உடைய ஒரு நாடு மனக்கண்ணில் தோன்றும். ஆட்சி என்றால், இறைவனின் விருப்பம் செல்லுபடியாகும் நிலை தோன்றும். மூலச்சொல் இரு பொருளையும் தாங்குவது. இந்த ஒரு சொல்லின் வரலாற்றை அறிந்தவர், அந்நூலை மேலோட்டமாகப் படிக்க மாட்டார்.

மதுரையில் அமெரிக்கப் பாதிரிமார் 1834-இல் பணி தொடங்கினர். விரைவிலேயே திண்டுக்கல்லிலும் நிலையம் அமைத்தனர். அப்போதே பேகம்பூர்ப் பள்ளிவாசலில் பாங்கொலி கேட்டுக்கொண்டிருந்தது. இரு சமூகத்தாரும் அன்றுதொட்டு அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து வருகின்றனர். எனினும், ஒருவர் வேதத்தை மற்றவர் எத்துணை அறிந்திருக்கின்றோம்?

நம் முன்னோர் இத்தகைய அறியாமையில் தங்கிவிடவில்லை. அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்த முஸ்லிம்களின் சார்பில், நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஅஃபர் (ரலி) ஓதியது மர்யம் அத்தியாயத்தை. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரூனி நான்கு இஞ்சீல்களையும் குறிப்பிட்டு, அவற்றிலுள்ள வம்சாவளிகளின் வேறுபாட்டையும் ஆராய்ந்தார். 1854-இல் ஆக்ராவில் பாதிரியார் பண்டருடன் வாதிட்ட மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி, ஐரோப்பியரின் வேத ஆய்வுகளையே சான்றாகக் காட்டினார். சர் சையித் அகமது கான் வேறு வழி கண்டார். 1862-இல் பைபிளுக்கு விளக்கவுரை எழுதி வெளியிட்டு, பொருளைத் திரித்தல் வேறு, எழுத்தை மாற்றுதல் வேறு என்று பிரித்து ஆராய்ந்தார். ஒருவர் வாதத்துக்காகப் படித்தார். மற்றவர் விளக்கத்துக்காகப் படித்தார். படிக்காமல் பேசியவர் அவ்விருவருள் ஒருவருமில்லர்.

கிறித்தவ அறிஞர்களும் தம் நூலைத் தாமே ஆராயத் தயங்கவில்லை. மாற்கு நூலின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரு கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதை இன்று அவர்களே அச்சிட்டு அறிவிக்கின்றனர். அந்நேர்மையை நாமும் மதிக்க வேண்டும்.

அன்று பந்தியில் அமருமுன் இளைஞரிடம் நான் சுருக்கமாகச் சொன்னது இதுதான்: “தம்பி, இது நாம் நம்பும் இஞ்சீல் அன்று, ஈஸா நபியைப் பற்றி அவருடைய வழிவந்தோர் எழுதிய சாட்சியம். நம் திருமறையின் மர்யம் அத்தியாயத்தையும் ஆலு இம்ரானையும் பொருளுணர்ந்து ஓதிவிட்டு இதைப் படி. ஐயம் எழுந்தால் உன் நண்பரிடமே கேள். அவர் கேட்டால் நம் நம்பிக்கையை மறைக்காமல் சொல்.”

இளைஞர் நூலை மீண்டும் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். “அவர் நம் திருமறையின் தமிழாக்கம் கேட்டிருக்கிறார், மாமு. அடுத்த வாரம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்” என்றார்.