வேலூரில் நிமிர்ந்த விரல்கள்

நம் வீட்டு விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்கிறோம். சந்திக்கும் சகோதரருக்குக் கைலாகு கொடுக்கிறோம். ஒளுச் செய்யும்போது விரல்களைக் கோதிக் கழுவுகிறோம். இவற்றுக்கெல்லாம் விரல்கள் விரியவும் மடியவும் வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. விரல்கள் பருந்தின் காலைப்போல் வளைந்து இறுகிப்போன ஒருவர், யாரும் சொல்லாமலே சஹனை விட்டு ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். தொழுநோய் அத்தகைய கைகளை இந்நாட்டில் எண்ணற்றோருக்குத் தந்திருந்தது. அக்கைகளை நிமிர்த்த முடியும் என்று நம் வடஆற்காட்டு மண்ணிலே மெய்ப்பித்த ஒரு கை மருத்துவரின் வரலாறு, நாம் அறிந்திருக்க வேண்டியது.

டாக்டர் பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர்; மலைவாழ் மக்களிடையே ஊழியம் செய்த கிறிஸ்தவப் போதகர்கள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை கடுங்காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். மகன் அவரை மீண்டும் பார்க்கவில்லை. இளைஞர் முதலில் மருத்துவம் பயிலவில்லை. தச்சு வேலையும் கொத்து வேலையும் சில ஆண்டுகள் கற்றார். பின்னரே இலண்டனில் மருத்துவம் பயின்று, போர்க்காலக் குண்டுவீச்சில் சிதைந்தவர்களுக்கு அறுவை செய்து தேர்ந்தார். உளியும் இழைப்புளியும் பிடித்த அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்பதே நம் கருத்து. கை என்பது ஒரு கருவி என்று அவர் பார்த்த பார்வை, நூல்களில் மட்டும் கற்றோருக்கு எளிதில் வாய்ப்பதன்று.

1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரை அழைத்தவர் டாக்டர் இராபர்ட் காக்ரேன். தொழுநோய் ஆய்வில் பெரும்பெயர் பெற்றவர். ஒருநாள் காக்ரேனுடன் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்தபோது, வளைந்த கைகளைக் கண்ட பிராண்ட், இவற்றுக்கு ஏன் எலும்பு மருத்துவர் எவரும் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை சொல்ல எவரும் இல்லை. அப்பணிக்கு எலும்பு மருத்துவர் எவரும் முன்வந்ததில்லை என்பதே உண்மை. பின்னர் செருப்பு வாரை மாட்ட முடியாமல் தடுமாறிய ஓர் இளைஞரின் கையைப் பற்றி, இயன்ற அளவு இறுகப் பிடிக்கச் சொன்னார். அடுத்த கணம் வலியால் துடித்துப் போனார் மருத்துவர். செயலற்றது என்று கருதப்பட்ட கையில் அத்தனை வலிமை!

அந்தக் கைலாகிலேதான் எல்லாம் தொடங்கிற்று. நோய்க்கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளையே பெரிதும் தாக்குகிறது. முழங்கைக்குப் பின்னே செல்லும் நரம்பு கெட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் செத்துவிடும். முன்கையின் பெருந்தசைகளோ பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஆகவே விரல் மடங்கும், ஒழுங்காக நிமிராது. ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு தசைநாண்கள் வருகின்றன. ஒன்றை மடக்கும் பணிக்கே விட்டுவிட்டு, மற்றொன்றை வேறு வழியாகச் செலுத்தி, விரலை நிமிர்த்தும் பகுதியில் தைத்துவிட்டால், செத்த தசையின் வேலையை உயிருள்ள தசை ஏற்றுக்கொள்ளும். பிற காரணங்களால் முடமான கைகளுக்கு மேனாட்டார் முன்னரே கையாண்ட முறைதான் இது. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, தைத்தால் ஆறாது என்ற எண்ணமே குறுக்கே நின்றது. 1948 முதல் பிராண்ட் அறுத்துத் தைத்தார். புண்கள் மற்றவர்க்கு ஆறுவதுபோலவே ஆறின. சில வாரம் மாவுக்கட்டு. பிறகு நீண்ட பயிற்சி. மடக்குவதற்கென்று பிறந்த தசைக்கு நிமிர்த்தக் கற்றுக்கொடுப்பதென்பது அறுவையைவிடப் பொறுமை வேண்டும் வேலை.

ஆயினும் கை நிமிர்ந்தவர்களிடமிருந்து எதிர்பாராத முறையீடு வந்தது. இந்தக் கைகள் பிச்சைக்கு உதவவில்லையே என்றனர்! கோணிய கையைக் கண்டு காசு போட்டவர்கள், நேரான கைக்குப் போடவில்லை. தழும்பு முகத்தைக் கண்டு வேலையும் வீடும் கொடுப்பாரும் இல்லை. அறுவைக் கத்தியால் மட்டும் முடிகிற காரியமன்று இது என்பதை உணர்ந்த பிராண்ட், 1950 வாக்கில் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே சில மண்குடிசைகளை எழுப்பி ‘நவஜீவ நிலையம்’ கண்டார். தாம் கற்ற தச்சுத் தொழிலை அங்கே கற்றுக்கொடுத்தார், மரப்பொம்மைகள் செய்தனர்.

இங்கே நம் வரலாறு நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக், தொழுநோயாளர்க்கு உதவித்தொகை வகுத்து, மக்களிடம் கையேந்த வேண்டாம் எனத் தடுத்தார் என்று வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். திமிஷ்கின் கலீஃபாவும் வேலூரின் மருத்துவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தனர்: பிச்சையை நிறுத்த வேண்டுமாயின் முதலில் பிழைப்பைக் கொடுக்க வேண்டும்.

நவஜீவ நிலையத்திலேதான் பிராண்டின் பெரிய கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. ஒருநாள் துருப்பிடித்த பூட்டைத் திறக்க அவரால் இயலவில்லை. ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பினான். அவன் விரலில் இரத்தம். எலும்பு தெரியுமளவு வெட்டு. அவனோ அறியவே இல்லை. விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் அழுத்தியும் அவர்களே அறியாமல் இழக்கிறார்கள் என்பது புலனாயிற்று. இரவில் காணாமற்போன விரல் நுனிகளை எலிகள் கடித்தன என்று கண்டுபிடித்து, ஆளுக்கொரு பூனை வளர்க்கச் செய்தார்கள். நாள்தோறும் கை கால்களைச் சோதித்துப் பார்ப்பது அங்கே சட்டமாயிற்று. வலியை அல்லாஹ்வின் அருட்கொடை என்று நாம் எத்தனை முறை எண்ணியிருக்கிறோம்?

அவரிடம் பயின்றோருள் டாக்டர் மேரி வர்கீஸை மட்டுமேனும் குறிப்பிட வேண்டும். 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த அப்பெண்மணி, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நிற்க வேண்டாத அறுவை கை அறுவை என்பதை ஆசிரியர் கண்டார். மாணவி அதை வாழ்வாக்கினார்.

பிராண்ட் 1952இல் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் தம் முறையை விளக்கிச் சொற்பொழிவாற்றினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார், 2003இல் மறைந்தார். நோயையே குணமாக்கும் கூட்டு மருந்து 1980களில் பரவிற்று.

சட்டம் மட்டும் மெதுவாகவே நகர்ந்தது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவனின் தொழுநோய் மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. பிற சமயத்தாரின் சட்டங்களிலும் அவ்வாறே. மருந்து வந்த பின்னும், விரல்கள் நிமிர்ந்த பின்னும் அச்சொல் ஏட்டில் இருந்தது. 2019இல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது.