தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயம்: 18ஆம் நூற்றாண்டுச் சபையாரும் உபதேசியாரும்

முன்னுரை

தமிழகச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் ஐரோப்பிய அருட்பணியாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தரங்கம்பாடியைப் பற்றிய நூல்கள் சீகன்பால்குவின் வருகையையும் அச்சகத்தையும் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பையும் விரிவாகப் பேசுகின்றன. அவர் எழுப்பிய ஆலயத்தில் கூடிய மக்கள் யாவர், எவ்வாறு அமர்ந்தனர், அவர்களிடையே நாள்தோறும் பணியாற்றியோர் யாவர் என்னும் வினாக்களோ ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகின்றன. ஓர் ஊர்ச் சபையின் வாழ்வையும் பணியையும் மதிப்பிட விழைவோர்க்கு இவ்வினாக்களே முதன்மையானவை. இந்நோக்கில் புதிய எருசலேம் ஆலயத்தின் 18ஆம் நூற்றாண்டு வரலாற்றை அணுகுவதே இக்கட்டுரை.

ஆலயமும் சபையும்

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் தரங்கம்பாடி டேனியர் வசமாயிற்று. அங்கிருந்த டேனியர் தமக்கென 1701இல் சீயோன் ஆலயத்தைக் கட்டிக்கொண்டனர். தமிழருக்கு அதில் இடமில்லை. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கால் அனுப்பப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் வந்திறங்கினர். அடுத்த ஆண்டு மே மாதம் முதல் திருமுழுக்கு நடைபெற்றது. அதனைப் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தோர். சபையின் தொடக்கம் எந்நிலையினரிடமிருந்து அமைந்தது என்பதற்கு இதுவே சான்று. அதே ஆண்டு ஆகஸ்டில் எருசலேம் என்னும் சிற்றாலயம் திறக்கப்பட்டது.

பத்தாண்டுகளில் அது போதாமற்போகவே, 1717 பிப்ரவரியில் புதிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சிலுவை வடிவில் அமைந்த இவ்வாலயம் 1718 அக்டோபர் 11ஆம் நாள் திறக்கப்பட்டது. முகப்பில் டேனிய மன்னரின் பெயர்ச்சின்னம் முடியுடன் இன்றும் காணப்படுகிறது. திறந்து ஐந்து மாதங்களுக்குள் சீகன்பால்கு மறைந்தார். அவருடைய கல்லறையும் உடன்பணியாளர் கிரண்ட்லரின் கல்லறையும் ஆலயத்தினுள்ளேயே உள்ளன. வழிபாடு தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும் நடைபெற்றது. தமிழ்ச் சபையை மட்டும் கருதி இதனைப் பேசுவது வழக்கமெனினும், கடற்கரை நகரின் கலப்பு மக்களுக்கும் இது தாய்ச்சபையாக இருந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

எல்லைக்கு அப்பால்

டேனியர் ஆட்சிப்பரப்பு சில சிற்றூர்களுடன் முடிந்துவிடும். அதற்கு அப்பால் தஞ்சை மராத்தியர் நாடு. ஐரோப்பியர் அங்கு விரும்பியவாறு செல்ல இயலவில்லை. சீகன்பால்குவே தமிழர் உடையணிந்து உள்நாட்டிற்குள் புகமுயன்று இடைவழியில் திரும்ப நேர்ந்தது. எனவே ஆலயத்தின் பணி எல்லையைத் தாண்டியது தமிழ் உபதேசியார்களின் கால்களாலேயே எனலாம். 1716இல் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளி இவர்களை உருவாக்கும் நோக்குடையது. ஊர் ஊராகச் சென்று மறைக்கல்வி கற்பித்தல், நோயுற்றோரைக் காணல், பிணக்குத் தீர்த்தல், பள்ளி நடத்துதல், நடந்தவற்றை எழுதித் தரங்கம்பாடிக்கு அனுப்புதல் ஆகியன இவர்தம் கடமைகள்.

இவர்களுள் இருவர் சிறப்பாகக் கருதத்தக்கவர். கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம் என்பார் வேளாளர் குடியினர். 1718இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் எனப் பெயர் கொண்டார். உபதேசியாராகப் பணியாற்றிய அவர் 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். இந்தியச் சீர்திருத்தத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. மற்றவர் இராசநாயக்கர். பறையர் குடியில், கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றித் தஞ்சைப் படையில் வீரராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல்களைப் படித்து இச்சபையை நாடி வந்தார். அச்சகத்தின் பயன் யாது என வினவுவோர்க்கு இராசநாயக்கரின் வாழ்வைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை. ஐரோப்பியர் கால்பதிக்க இயலாத தஞ்சை நாட்டில் சபைகள் வளர்ந்ததில் அவர் பங்கு பெரிது.

அமரும் இடமும் குருப்பட்டமும்

ஆலயத்தில் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் கூடினர், ஒருங்கே அமரவில்லை. ஆவணங்கள் சூத்திரர் எனக் குறிக்கும் குடியினர் ஒருபுறமும் பறையர் மற்றொருபுறமும் தனித்தனியே அமர்ந்தனர். அருட்பணியாளர்கள் இதனைச் சமய வேறுபாடாகக் கொள்ளாது நாட்டு வழக்கமாகக் கொண்டு ஏற்றனர். அமரும் இடத்தளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட வழக்கம் அவ்வளவில் நிற்கவில்லை. ஆரோனுக்குப்பின் இரண்டாவது குருவைத் தெரிவு செய்ய நேர்ந்தபோது பணியனுபவத்தாலும் செல்வாக்காலும் இராசநாயக்கர் பெயரே முன்னின்றது. எனினும் 1741இல் குருப்பட்டம் பெற்றவர் தியாகு. பறையர் ஒருவர் கையால் திருவிருந்து பெறச் சூத்திரக் கிறிஸ்தவர்கள் இசையார், அவர்தம் வீடுகளுக்குள் அவர் செல்லவும் இயலாது என்பதே அருட்பணியாளர்கள் கூறிய காரணம். தகுதிக்குறைவு எதுவும் அவர்மீது சுமத்தப்படவில்லை.

இம்முடிவைச் சிலர் காலச்சூழல் கருதிய முன்னெச்சரிக்கை என்பர். சபை பிளவுபடுமென்ற அச்சம் உண்மையானதே; ஆயினும் அவ்வச்சத்திற்கு விலை கொடுத்தவர் அச்சமுற்றவர் அல்லர் என்பதை வரலாற்றாசிரியர் குறித்தாக வேண்டும். இராசநாயக்கர் பணியை விட்டு விலகவில்லை. 1771இல் மறையும்வரை, மேலும் முப்பதாண்டுகள், உபதேசியாராகவே தொடர்ந்தார். அவரைப் போன்றோரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பெரும்பாலும் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்ட அறிக்கைகளில் ஜெர்மன் வடிவிலேயே எஞ்சியுள்ளன. அவ்வறிக்கைகள் ஐரோப்பிய நன்கொடையாளர் படிப்பதற்காகத் தொகுக்கப்பட்டவை. ஆதலின் அவற்றில் ஒலிக்கும் தமிழ் உபதேசியாரின் குரல் மொழிபெயர்ப்பாலும் தெரிவாலும் இருமுறை வடிகட்டப்பட்டது எனக்கொண்டே அவற்றைப் படித்தல் தகும்.

பின்விளைவு

1741இல் எழுந்த சிக்கல் தரங்கம்பாடியோடு அடங்கவில்லை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் தென்னகச் சபைகளில் சாதி வேறுபாடுகளை முற்றாக விலக்குமாறு ஆணையிட்டபோது தஞ்சைச் சபையார் கடுமையாக எதிர்த்தனர். 1840களில் தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் மிஷன், சாதியைப் படிப்படியாகக் களையலாம் என்னும் மென்போக்கைக் கொண்டிருந்தது. அதனால் ஆங்கிலிக்கன் சபைகளில் மனக்குறையுற்றோர் சிலர் அதனை நாடினர். சபையின் எண்ணிக்கை வளர்ச்சியை மட்டும் கொண்டு அக்காலத்தை மதிப்பிடுதல் இதனால் ஐயத்திற்குரியதாகிறது.

முதல் உலகப்போரால் ஜெர்மானிய அருட்பணியாளர்கள் வெளியேற நேர்ந்தபின், 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாயிற்று. அதன் தலைமையிடம் திருச்சிராப்பள்ளி. பேராயரின் பட்டமோ இன்றளவும் தரங்கம்பாடிப் பேராயர் என்பதே. 1921இல் அப்பட்டம் ஏற்ற முதல் பேராயர் சுவீடன் நாட்டவரான எர்ன்ஸ்ட் ஹேமன். தமிழர் ஒருவர், இராஜா பூஷணம் மாணிக்கம், அவ்விருக்கையில் அமர்ந்தது 1956இல். ஆரோன் குருப்பட்டம் பெற்று 222 ஆண்டுகள் கழித்து.